கணினிக்குப் புதுப் பத்தாயம்

நம் சோழநாட்டுச் சிற்றூர்களிற் கணினி புகுந்த இல்லங்கள் இந்நாளிற் பலவாகிவிட்டன. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். அவ்வாண்டிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் வழங்கப்பெற்றவற்றுட் சில, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து வீடுகளில் இன்றும் உயிரோடிருக்கின்றன. அண்ணன் பெற்றது தங்கைக்கும், தங்கைக்குப்பின் அத்தை மகனுக்குமாகக் கைமாறி வருகின்றன. ஆயின், பொத்தானை அழுத்திவிட்டு வாய்க்காலிற் குளித்து வந்தாலும் அவை விழித்தெழுந்திரா என்று நகையாடுவார் பலர். “கிழடு தட்டிவிட்டது, எறிந்துவிட்டுப் புதிது வாங்குக” என்பது கடைத்தெருவின் அறிவுரை. அவ்வறிவுரை பெரும்பாலும் பிழை என்பது எம் கருத்து. அதற்கு மாற்றாகிய வழி நல்வழியே. ஆயினும் அதனுள்ளும் ஓர் இடர் மறைந்துளது. அதனைச் சொல்லவே இது வரைகின்றோம்.

கணினி கிழடாயிற்று என்கின்றனரே, அதன் எவ்வுறுப்புக் கிழடாயிற்று? கணக்கிடும் உறுப்பு, செய்த நாளிற் செய்தவாறே இன்றும் செய்கின்றது. ஒரு கட்டுரை எழுதுதற்கும் ஒரு நூலைத் திறந்து படித்தற்கும் அது போதும். நம்மைக் காக்க வைப்பது சேமிப்புறுப்பு. உலக வழக்கில் ஹார்டு டிஸ்க் என்றும், பாடநூல்களில் வன்தட்டு என்றும் சொல்லப்படுவது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, ஐம்பது தட்டுகளும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் உடையது. அது கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துகளே. அன்றுதொட்டு உருவம் சுருங்கிற்று, கொள்ளளவு பெருகிற்று. முறை மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டுச் சுழலும். அதன்மேல் ஒரு கை நகர்ந்து சென்று, தேடும் இடம் தன்கீழ் வருமளவும் காத்திருந்து படிக்கும். மடிக்கணினியின் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அஃதாவது நொடிக்குத் தொண்ணூறு சுற்று. கை நகரும் காலத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் இடங்களில் நொடிக்கு எழுபது எண்பதுக்குமேல் அஃது எட்டிப் பார்த்தல் அரிது. கணினியோ விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கின்றது. ஊரைச் சுற்றியுள்ள வயல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கதிர்க்கட்டுக் கிடக்க, ஒரே ஆள் ஓடியோடிச் சுமந்து களம் சேர்ப்பது போன்றது இது. ஆள் சோம்பன் அல்லன்; வரப்பு நீளம்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்திற் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சில்லுக்குள் அமைந்த எண்ணிறந்த நுண்ணறைகளில் மின்னூட்டமாகச் செய்தி தங்குகின்றது. தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்காவும் அவர்தம் குழுவினரும் 1987இல் வெளியிட்ட நாண்டு ஃபிளாஷ் என்னும் அமைப்பே இதற்கு அடிப்படை. எவ்வறையையும் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவான காலத்தில் எட்டலாம். பழைய மடிக்கணினியின் வன்தட்டும் இதுவும் ஒரே இரண்டரை அங்குல அளவில் வருதலின், சில திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை அவ்விடத்தே செருகிவிடலாம். செலவு, புதுக் கணினியின் விலையிற் சிறு பகுதியே. மாற்றிய பின்னர், வாய்க்காலுக்குப் போகும் அளவிற்குக் காலம் கிடையாது. துண்டைத் தோளிலிடுமுன் திரை ஒளிர்ந்துவிடும்.

இதனால் எல்லாம் நேராகிவிடும் என்பதில்லை. இரண்டு ஜி.பி. நினைவகமே உடைய கணினி, சேமிப்பகத்தை மாற்றிய பின்னும் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் திணறும். விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2025 அக்டோபர் 14இல் முடித்தனர். அடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பலவும் ஏலா. அத்தகையவற்றிற்கு லினக்ஸ் உண்டு, அது விலையற்றது.

இனி இடருக்கு வருவோம். எம்மோடு பயிலும் மாணவி ஒருவர், வெண்ணாற்றங்கரை ஊரொன்றிற் பிறந்தவர், தம் பாட்டியார் பாடிய நடவுப் பாடல்களையும் ஒப்பாரியையும் பள்ளிப் பருவத்திலேயே கைப்பேசியிற் பதிந்து வீட்டுக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். பாட்டியார் காலஞ்சென்றனர். கைப்பேசியும் பழுதாயிற்று. சென்ற கோடையில் அவர்தம் தந்தையார், மகள் படிப்புக்கு உதவுமென்று, அக்கணினியை நகரத்துக் கடையொன்றிற் கொடுத்து எஸ்.எஸ்.டி. பொருத்தி வந்தனர். கணினி பறந்தது. கடைக்காரர் புதிதாக மென்பொருளை நிறுவி, கண்ணுக்குப்பட்ட ஆவணங்களை மட்டும் பெயர்த்திருந்தார். பாடல்கள் வன்தட்டின் வேறொரு பகுதியில் இருந்தன. பத்து நாள் கழித்துப் பழைய தட்டைக் கேட்கச் சென்றபோது, அது பழையபொருட் கூடையோடு போய்விட்டது என்றனர். கடைக்காரரை வையச் சிறிதும் விருப்பமில்லை எமக்கு; அவரிடம் எவரும் தட்டைத் திருப்பிக் கேட்டிலர். அந்நடவுப் பாட்டுகளை இனி யார் பாடக் கேட்பது? இப்போது எந்திரமே நடவு செய்யும் வயல்களும் உள.

புதிய சேமிப்பகம் பழையதினும் நம்பத்தக்கது, அதில் ஏற்றிவிட்டாற் கவலையில்லை என்று கருதுவாரும் உளர். அவர்க்குச் சில சொல்ல வேண்டும். அது கீழே விழினும் எளிதிற் கெடாது, மெய்யே. ஆயின் சாகும் வன்தட்டுப் பலகாலும் முனகிவிட்டுச் சாகும், எஸ்.எஸ்.டி.யோ பெரும்பாலும் ஒரு சொல்லும் சொல்லாது ஒருநாள் மறைந்துவிடும். வன்தட்டிலிருந்து தவறி நீக்கிய கோப்பை மீட்டெடுத்தல் பலகால் இயலும், எஸ்.எஸ்.டி.யில், நீக்கிய இடத்தைக் கணினி தெரிவித்தவுடன் அவ்வறைகளை அது தானே துடைத்துக்கொள்ளும். மேலும், மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசியும் இயல்புடையது. ஜெடெக் என்னும் தரநிலைக் குழுவினர் வீட்டுக் கணினிக்குரிய எஸ்.எஸ்.டி.க்கு விதித்த அளவு, எழுதித் தேய்ந்த பின்னர், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைத் தாங்குதல் என்பதே. புதியது அதனினும் நெடுங்காலம் தாங்கும். எனினும் வெப்பம் ஏற ஏற அக்காலம் குறையும். நம் சித்திரை வெயிலை நாம் அறிவோம். ஆதலின், படங்களை ஏற்றிப் பீரோவிற் பூட்டி வைத்துப் பேரனுக்குக் கொடுக்கத்தக்க பொருள் அன்று இது.

நம் உழவர் இவ்வேறுபாட்டை நெல்லிலே கண்டவர். உண்ணும் நெல் பத்தாயத்திற் கிடக்கும்; விதைநெல்லை அதனோடு கலவாமல் வைக்கோற்புரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி வேறிடத்து வைப்பர். கோட்டையில் வைத்தமையாலேயே விதை என்றும் வாழ்வதில்லை. முளைப்புத்திறன் குறையுமுன் விதைத்து மீண்டும் புதுவிதை எடுத்தல் வேண்டும். ஏடுகளும் அவ்வாறே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்ததோடு எழுத்தாளரை அமர்த்திப் படியெடுக்கவும் செய்தார். 1708இல் அவர் வரைந்த நூற்பட்டியல் ஐரோப்பாவுக்கும் சென்றமையால், அக்காலத்து அவர் கைக்கு எட்டிய நூல்கள் எவை என இன்று அறிகின்றோம். குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் ஓரேட்டைக் கொண்டன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கியே. சரசுவதி மகாலில் ஏடுகள் அடுக்கியிருப்பதைக் கண்டு வியக்கின்றோம். அவ்வோலைகளுட் பலவும் படியின் படி என்பதை நினைப்பதில்லை.

இரு படிகளை ஒரே அலமாரியில் வைத்தலும் பயன்படாது. 2018 நவம்பர் 16இற் கஜாப் புயல் வேதாரணியப் பக்கத்தே கரையேறியபோது, கூரை போன வீட்டிற் கணினியும் நனைந்தது, அதனருகே இருந்த தட்டும் நனைந்தது. இணையத்துச் சேமிப்பிடம் ஒரு நல்ல மூன்றாவது படியாகும். கடவுச்சொல்லை மறந்தார்க்கு அஃதும் இல்லை.

ஆகவே சேமிப்பகம் மாற்றுவோர் மாற்றுக. முதலிற் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்று திறந்து பார்த்து, அதன்பின் திருகாணியைத் தொடுக. கழற்றிய தட்டைக் கேட்டு வாங்குக. சிறு விலையில் யு.எஸ்.பி. உறை விற்கின்றது, அதனுள் இட்டால் அவ்வன்தட்டே விதைக்கோட்டையாகிவிடும். அதில் பழைய எழுத்துருக்களிற் பதிந்த தமிழ்க் கட்டுரைகள் இருப்பின் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்க. இல்லையேல் கோப்பு வாழும், எழுத்து விளங்காது.

எம் தமிழ்த்துறையில் ஆண்டுதோறும் மாணவர் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிந்து வருகின்றனர். கட்டுரை மதிப்பெண் பெற்றதும் அப்பதிவுகள் அவரவர் கணினியோடு போய்விடுகின்றன. துறையில் ஒரு வன்தட்டும் நூலகத்தில் ஒரு வன்தட்டுமாக இரண்டு வாங்கி, ஆடித் திங்களிற் கல்லூரி கூடியவுடன் முன்னாண்டு மாணவரின் பதிவுகளையெல்லாம் அவ்விரண்டிலும் ஏற்றுமாறு தமிழ் மன்றத்தாரை வேண்டுகின்றோம். முதற்பணியாக, பட்டம் பெற்றுச் சென்ற பழைய மாணவர்க்கு எழுதி, அவர்தம் வீட்டுப் பரணிற் கிடக்கும் கணினிகளைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.