புகை இல்லாத புகையிலையும் சவலைப் பிள்ளையும்

கத்தரிச் செடியில அசுவினி விழுந்தா, புகையிலையை ராத்திரி ஊறப்போட்டு, வடிகட்டி, சோப்புக் கரைசல் கலந்து அடிக்கிறது எங்க பக்கத்து வழக்கம். பூச்சியைக் கொல்றது அதுல இருக்கிற நிக்கோட்டின். அதே புகையிலையைத்தான் மாசமா இருக்கிற பொண்ணு கடைவாயில அதக்கிக்கிட்டு நாத்து நடுறா. யாரும் பதறுறதில்லை.

கர்ப்பிணி ஒருத்தி சிகரெட் பிடிச்சா நகரத்துக்காரங்க நீங்க எல்லாரும் பதறுவீங்க. ஆனா 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்புப்படி, புகைபிடிக்கிற பெண்கள் நம்ம நாட்டுல 100-க்கு 2 பேர்தான். புகையிலையை மெல்றவங்களும் ஈறுல தேய்க்கிறவங்களும் சேர்த்து 100-க்கு கிட்டத்தட்ட 13 பேர். புகை வராததால நம்ம கண்ணுக்கு இது தெரியவே இல்லை.

மும்பையில 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இந்தப் பழக்கம் உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைங்க சராசரியா 105 கிராம் எடை குறைவு. சராசரியா 6 நாள் முன்னாடியே பிறந்திருக்காங்க. "நூறு கிராம்தானே"ன்னு சொல்லாதீங்க. இரண்டரைக் கிலோவுக்குக் கீழ போனாலே எடை குறைவான பிள்ளைன்னு கணக்கு. ஏற்கெனவே ரத்தசோகையில தள்ளாடுற தாய்க்கு நூறு கிராம்ங்கிறது பெரிய பள்ளம்.

நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளை உடம்புக்கும் போகும். மடையைப் பாதி அடைச்சுட்டு, பயிர் ஏன் சவலையா நிக்குதுன்னு கேட்கிற கதைதான் இது. பிரசவத்துக்கு அப்புறமும் விடாம போட்டா, தாய்ப்பால் வழியாவும் போகும்.

"பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆகும்"னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. "மசக்கைக் குமட்டலுக்குப் புகையிலை போடு, நின்னுடும்"னு இன்னொரு பேச்சு. ரெண்டும் பிள்ளையோட வளர்ச்சியைப் பலி கொடுக்கிற பேச்சு.

இதுக்கு அந்தப் பொண்ணை மட்டும் திட்டுறவங்க மேலதான் எனக்குக் கோபம். வெயில்ல குனிஞ்சு நிக்கிறவளுக்குப் புகையிலை பசியை அடக்குது. அதனாலதான் டீயோட வெத்தலை, பாக்கு, புகையிலைன்னு வாங்கிக் கொடுக்கிறோம் நிலக்காரங்க. இது உபசாரம் இல்லைங்க. சோறு போடுற செலவை மிச்சம் பிடிக்கிற வழி. அந்தக் காசுக்கு ரெண்டு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்?

உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். சுருக்குப்பையோட திண்ணையில உட்கார்ந்திருக்கிற ஆத்தாவைப் படம் பிடிச்சு, "பாரம்பரியம்"னு போட்டு ரசிக்கிறீங்க. வெத்தலை பாரம்பரியமாவே இருக்கட்டும். ஆனா புகையிலை அமெரிக்காவுல இருந்து போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த சரக்கு. அதை நம்ம தாத்தா பாட்டன் சொத்து மாதிரி கொண்டாடாதீங்க.

பாக்கெட்டுல இருக்கிற எச்சரிக்கைப் படம் புத்துநோயைக் காட்டுது. வயித்துல இருக்கிற பிள்ளையை யார் காட்டுறது? மாசமா இருக்கிற பொண்ணைப் பார்த்தா இரும்புச்சத்து மாத்திரை போட்டியான்னு எல்லாரும் கேட்கிறாங்க. "புகையிலை போடுறியாம்மா?"ன்னும் கேட்கணும். அதட்டலா இல்லாம, நிறுத்த உதவி பண்ற குரல்ல கேட்கணும். டாக்டரம்மா கேட்கணும், நர்ஸம்மா கேட்கணும், வீட்டுல மாமியார் கேட்கணும். கூலி கொடுக்கிற நாங்க, கேட்கிறதுக்கு முன்னாடி கொடுக்கிறதை நிறுத்தணும்.