பகைவனும் வாகனமான கருணை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் விளங்குவது விராலிமலை. குன்றின்மேல் ஆறுமுகப் பெருமான், வள்ளி தெய்வயானை சமேதராய் மயில்மீது அமர்ந்து அருள்பாலிக்கிறார். அடிவாரத்திலும் சுற்றுப்புறங்களிலும் காட்டு மயில்கள் உலவுகின்றன. அவற்றைக் கண்டு கைகூப்பும் அடியவர் பலர். ஆயினும், பெருமானைச் சுமக்கும் அம்மயில் முன்பு யாராக இருந்தது என்பதை எண்ணினால் மெய்சிலிர்க்கும். அவருக்கு எதிராக ஆயுதம் எடுத்த சூரபன்மனே அது.

காஞ்சி குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணம் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது. சூரன் பிறவியிலேயே ஒன்றுமில்லாதவன் அல்லன். கடுந்தவம் புரிந்து, சிவபெருமானிடமே 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றவன். பெற்ற வரம் செருக்காயிற்று. தேவரை ஏவல் கொண்டான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையிலிட்டான். வீரவாகு தேவர் தூது சென்று அறிவுரை கூறியும் கேட்டானில்லை.

போர்க்களத்தில் பெருமான் தம் விசுவரூபத்தைக் காட்டியபோது சூரனுக்கு நல்லறிவு பிறந்தது. வணங்க வேண்டும் என்று உள்ளம் உருகிற்று. மானம் என்னும் தன்முனைப்போ தடுத்தது. பெருமான் அவ்வுருவை மறைத்ததும் பழைய பகை மீண்டது. கடல் நடுவே மாமரமாய் நின்றான். வேல் அதனைப் பிளந்தது. பிளவுகள் சேவலும் மயிலுமாகிச் சீறி வந்தன. பெருமான் அருள்நோக்கம் செய்தார், சீற்றம் அடங்கிற்று. சேவல் கொடியாயிற்று, மயில் வாகனமாயிற்று.

இங்கே ஒரு வினா எழும். இத்தனை கொடுமை செய்தவனுக்கு இத்தகைய பேறு தகுமா? துன்புற்ற தேவர்க்கு நீதி எங்கே? புராணம் நீதியைக் கைவிடவில்லை. சூரன் நாட்டை இழந்தான்; தம்பியரையும் மைந்தரையும் இழந்தான்; அசுர உடலையும் இழந்தான். சிறைப்பட்ட தேவர் விடுதலை பெற்றனர். அதன் பின்னரே அருள். அவ்வருளும் அரியணையாக வரவில்லை; சுமக்கும் தொண்டாகவே வந்தது. எதிர்த்து நின்ற வலிமை அழிக்கப்படவில்லை. அதன் திசை மாற்றப்பட்டது. அறுபட்டது ஆணவம் ஒன்றே.

அசுரனுக்கு நேர்ந்தது மானிடருக்கும் வாய்க்கும் என்பதற்கு அருணகிரிநாதர் சான்று. இளமையில் சிற்றின்பத்தில் மூழ்கிப் பொருளும் உடல்நலமும் இழந்து, வாழ்வை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தார் என்றும், முருகப் பெருமான் தாங்கிக் காத்தார் என்றும் மரபு கூறும். வயலூரில் இருந்த அவரைப் பெருமான் விராலிமலைக்கு வருமாறு அழைத்தார் என்பது தலவரலாறு. இத்தலத்தின்மீது அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன. தாம் நடந்து வந்த தீநெறியை அவர் மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. பல பாடல்களில் தம் குற்றங்களைச் சொல்லியே கந்தன் கழலை வேண்டுகிறார். அவருக்கு வீழ்ச்சியே பிறரை எச்சரிக்கும் விளக்காயிற்று.

வழிதவறிய மகனையோ பேரனையோ எண்ணி இரவெல்லாம் உறங்காத முதியோர் இல்லங்கள்தோறும் உண்டு. "இனி அவன் தேறமாட்டான்" என்று நாவால் தீர்ப்பெழுதுவது எளிது. அவன் செய்த தவற்றுக்குத் துணைபோக வேண்டுவதில்லை. பிறர்க்கு இழைத்த தீங்கிற்கு அவன் ஈடு செய்யவே வேண்டும். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்பதும் கடமையே. வேலும் முதலில் பிளக்கத்தான் செய்தது. ஆனால் மனக்கதவை முற்றிலும் அடைத்துவிடலாகாது. திருந்தி வருபவனுக்குச் சுமக்க ஒரு நற்பணி, நிற்க ஓர் இடம், பழையதைக் குத்திக் காட்டாத ஒரு சொல் வேண்டும்.

ஐப்பசிச் சஷ்டியில் சூரசம்ஹாரம் காணும் அடியவர், சூரன் தலை வீழ்வதோடு விழா முடிந்ததெனத் திரும்பிவிடலாகாது. பகைவனைத் தம் திருவடிக்கீழ் இருத்திக்கொண்ட கருணையே அவ்விழாவின் நிறைவு.