பயந்தாங்கொள்ளி என்று பெயர் சூட்டுமுன்

"சின்னப்பிள்ளைதானே, வளர வளரச் சரியாகிவிடும்." தலையில் அடிபட்ட பிள்ளையைப் பற்றி நம்மவர் சொல்லும் இந்த ஆறுதல் வார்த்தையைப் போல ஆபத்தானது வேறொன்றில்லை என்பேன்.

இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞான முலாமும் உண்டு. 1930களில் மார்கரெட் கெனார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மூளையின் இயக்கப் பகுதி சேதமாக்கப்பட்ட குரங்குக் குட்டிகள் வளர்ந்த குரங்குகளைவிட நன்றாகத் தேறியதைக் கண்டார். கைகால் அசைவு பற்றிய அந்த முடிவைப் பின்வந்தோர் மூளை முழுவதற்கும் பொதுவிதியாக்கினர். அங்கேதான் தவறு நேர்ந்தது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்வது. இவ்விரண்டின் இணைப்பு இளமையில் சிதைந்தால், ஆபத்து நீங்கிய பின்னரும் அபாயச்சங்கு ஓயாமல் ஊதக்கூடும். அதைத்தான் பதகளிப்பு என்கிறோம். அடிபட்ட அன்று தெரியாத குறை ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம்.

சுவீடனில் 1973 முதல் 1985 வரை பிறந்த 11 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிய ஆய்வொன்று 2016இல் வெளியானது. 25 வயதுக்கு முன் தலையில் காயப்பட்டோர், காயப்படாத தம் உடன்பிறந்தோரைவிடப் பின்னாளில் மனநலச் சிகிச்சையை அதிகம் நாடினர் என்று அது காட்டிற்று. உடன்பிறந்தோரோடு ஒப்பிட்ட பின்னரும் வளர்ப்பின் மீது மட்டும் பழி போட முடியுமா?

2009இல் வன்னியில் ஷெல் மழைக்குள் நின்ற ஐந்து வயதுப் பிள்ளை இன்று இருபதைக் கடந்துவிட்டது. வெளிக்காயம் இல்லாமலே வெடியதிர்வு மூளையைத் தாக்கக்கூடும். ஆனால் அப்பிள்ளைகளின் நடுக்கம் அனைத்தையும் "போர் மனவடு" என்ற ஒரே கோப்புக்குள் இட்டு மூடிவிடுகிறோம். மனவடுவை நான் மறுக்கவில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதனை 1998இலேயே நூலாக்கினார். சிலருக்கு மனத்தோடு மூளையும் காயப்பட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

அடிபட்ட எல்லோருக்கும் பதகளிப்பு வருமென்பதல்ல. ஆயினும், பதகளிப்போடு வருபவரிடம் "சிறுவயதில் தலையில் அடிபட்டதா, நினைவு தப்பியதா?" என்று வைத்தியர் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. காரணம் தெரிந்தால் சிகிச்சையின் பாதையும் தெளிவாகும்.

உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. பிள்ளையின் தலையில் கைவைக்கும் ஆசிரியர் இன்றும் இருக்கிறார். தான் தலைக்கவசம் அணிந்து, பிள்ளையை வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றும் தந்தையும் இருக்கிறார். இவர்களே நாளை அந்தப் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசப்போகிறவர்கள்!