இவளால் முடியுமா?

மகள் கன்னியர் மடத்தில் சேர விரும்புகிறாள் என்றால், பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, "இவளால் முடியுமா, சுவாமி?" என்பதே. சோறு ஆறியிருந்தாலே முகம் சுளிப்பவளாயிற்றே என்பர். (மாப்பிள்ளை பார்க்கும்போது இக்கேள்வி எழுவதில்லை என்பது வேறு!) ஆயினும் இதை நாம் குறைகூற மாட்டோம். புனித கேத்தரின் டிரெக்சல் தம்மைப் பற்றித் தாமே இவ்வாறு ஐயுற்றவர்தாம்.

1858-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெரும் வங்கி அதிபர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர் இவர். துறவறம் தமக்குத் தகுமா என்று, சார்பாகவும் எதிராகவும் உள்ள காரணங்களை 1883-இல் எழுதி, ஆயர் ஜேம்ஸ் ஒக்கானருக்கு அனுப்பினார். சுகபோகம் எதையும் இழந்து பழகாத நான் மடத்தின் ஏழ்மையை எங்ஙனம் தாங்குவேன் என்பது அவற்றுள் ஒன்று. எத்துணை நேர்மை! ஆயரும் அவசரப்படாது, பொறுத்திருந்து செபிக்குமாறே பணித்தார்.

1887-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரைக் கண்டு, அமெரிக்கப் பழங்குடியினருக்கு மறைபோதகர்களை அனுப்பும்படி வேண்டினார் கேத்தரின். நீயே ஏன் போகலாகாது என்று திருத்தந்தை வினவினார். 1889 மே மாதம் கேத்தரின் பிட்ஸ்பர்க் நகரில் மடம் புகுந்தார். 1891-இல் வார்த்தைப்பாடு கொடுத்து, பழங்குடியினருக்கும் கறுப்பின மக்களுக்கும் பணியாற்றப் புதிய சபையைத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸில் அவர் நிறுவிய சவேரியார் கல்விக்கூடம் 1925-இல் கல்லூரியாயிற்று.

பணத்தை ஒரேநாளில் வீசியெறிந்துவிட்டு அவர் துறவியாகவில்லை. 1885-இல் இறந்த தந்தையின் மரண சாசனப்படி, மூலதனத்தை மகளிர் தொடவியலாது; வருமானம் மட்டுமே அவர்களுடையது. அதைக் கேத்தரின் தம் ஆயுள் முழுவதும் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் வாரி வழங்கினார்; மொத்தம் ஏறத்தாழ 2 கோடி டாலர். அவரோ கையில் பிடிக்க இயலாத அளவுக்குத் தேயும்வரை அதே பென்சிலால் எழுதுவார். ஒருமுறை துறந்துவிட்டு ஓய்வது எளிது. கோடிகள் நாளும் தம் கைவழியே செல்ல, அதில் ஒரு புதுப் பென்சிலும் கொள்ளாதிருப்பதே அரிது என்பது நம் கருத்து.

அச்சாசனத்தில் இன்னொரு விதியும் இருந்தது. மகளிர் வாரிசின்றி மறைந்தால், தந்தை பெயர் குறித்த அறநிலையங்களுக்கே முழுச் செல்வமும் சேரவேண்டும். 1891-இல் பிறந்த சபை 1885-இன் சாசனத்தில் எங்ஙனம் இடம்பெறும்? 1955 மார்ச் 3-ஆம் நாள், தமது 96-ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். அன்றோடு அவ்வருமானம் நின்றது. அவருடைய கன்னியர் அப்பணமின்றியே பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தினர்.