ஆசிரியர் உரை: ஓர் இரவு நிற்கட்டும்

வண்டிப் பரிசோதனையில் புஸ்பாகோமுக்கு இருந்த தனியுரிமை 2024 ஆகஸ்ட் 31-ஓடு முடிந்தது. வேறு நிறுவனங்களும் பரிசோதனை நிலையம் நடத்தலாம் என்று போக்குவரத்து அமைச்சு கதவைத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து கெப்பாலா பத்தாஸ், பட்டர்வொர்த், நிபோங் திபால் என்று எங்கே போனாலும் நம் பட்டறைக்காரர்கள் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "உரிமை மாற்றத்துக்குப் பி5 போடுவது இன்னும் சுலபமாகிவிடும், அப்புறம் நம்மிடம் எவன் வண்டியைக் கொண்டுவந்து காட்டுவான்?"

இந்த இதழின் நிலையைச் சொல்லிவிடுகிறோம். நிலையங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், வரிசை குறையட்டும். ஆனால் பி5 தாளை வண்டியின் உடல்நலச் சான்றாகக் காட்டி விற்பதை எதிர்க்கிறோம். குறிப்பாக, 12, 15 வயதான பெரிய செடான்களை அந்தத் தாளைக் காட்டி விற்பது வாங்குகிறவரின் கண்ணைக் கட்டுகிற வேலை.

பி5 எதைப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சின் எண், சேசிஸ் எண், கண்ணாடிக் கறுப்பு, பிரேக், அடிப்பாகம். இந்த வண்டி இந்தக் கிராண்டுக்கு உரியதுதானா, சாலையில் ஓடினால் யாருக்கும் ஆபத்தா என்ற இரண்டு கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. ஒழுங்காகவே சொல்கிறது. ஒரு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் வாங்குகிறவர் கேட்கும் கேள்வி அவை இரண்டுமே இல்லை. சொகுசு இன்னும் மிச்சமிருக்கிறதா, அது எத்தனை மாதம் தாங்கும் என்றுதான் அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடுதான் நம்மிடம் வருகிறார்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கறுப்பு எஸ்300எல் ஒன்றைக் கெப்பாலா பத்தாசில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். புது மைவி வாங்குகிற பணத்தில் கிடைக்கிறதாம். "காலைலதான் பி5 பாஸ் ஆச்சு தம்பி, சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். சூடான வண்டி. எஞ்சின் பூனைபோல் உறுமியது, கியர் நழுவவில்லை, நான்கு மூலையும் சமமாக நின்றன. "சார், இன்னைக்கு ராத்திரி இங்கயே நிக்கட்டும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. கூட வந்த விற்பனைக்காரருக்கு இன்னும் பிடிக்கவில்லை. இருந்தாலும் விட்டுப் போனார்கள். அளவு நாடாவை எடுத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை நான்கு பக்கமும் அளந்து சுவரில் சாக்பீசால் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைத் தொடாமல் அளந்தேன். வலது முன்பக்கம் நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொடாமல் அளந்ததைச் சொல்லக் காரணம் உண்டு. கதவைத் திறந்தாலே ஏர்மேட்டிக் காற்று சஸ்பென்ஷன் விழித்துக்கொண்டு மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும், பிறகு நீங்கள் அளப்பதில் பொருள் இல்லை. எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரசர் முனகியது, கொஞ்ச நேரத்தில் மூக்கு எழுந்து வண்டி மறுபடி இளவரசன்போல் நின்றது. சோப்புத் தண்ணீர் அடித்ததில் முன் ஸ்ட்ரட்டின் ரப்பர் மடிப்பில் நுரை கொப்புளித்தது. ரப்பர் போனது முதல் செலவு. இரவெல்லாம் இறங்கிய காற்றைத் தினமும் ஏற்றிக் களைத்த கம்ப்ரசர் இரண்டாவது. அதன் ரிலே ஒட்டிக்கொண்டால் மூன்றாவது. காலையில் பாஸ் ஆன தாளில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. இருக்கவும் முடியாது, அந்த வரிசையில் எந்த வண்டியும் ராத்தங்குவதில்லை.

மற்றவற்றை நீங்கள் அறிவீர்கள், விரிக்கவில்லை. 2006, 2007-ஐ ஒட்டிய எஸ்350 என்றால் எம்272-இன் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம். எஞ்சின் எண்ணைப் படிக்காமல் விலை பேசக் கூடாது. 722.9 கியர்பாக்சில் கண்டக்டர் பிளேட். டபிள்யூ140 யாராவது ஆசையாகக் கொண்டுவந்தால், தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்தவற்றில் வயரிங் உறை பிஸ்கட்போல் உதிரும். லெக்சஸ் எல்எஸ்400 எஞ்சினுக்கு நான் கைகூப்புவேன், ஆனால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் சொட்டி ஆல்டர்னேட்டரைத் தின்றிருக்கும். ஸ்டார்ட்டர் போனால் இன்டேக்கையே கழற்ற வேண்டும். ஈ65 பிஎம்டபிள்யூ 7 வரிசையில் வி8 என்றால், நிறுத்திவைத்துக் கிளப்பும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள், வால்வ் சீல்.

நம்மில் பலர் தவறவிடுவது சொகுசை. முன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிப் பார்த்து, "நல்லாருக்கு சார்" என்கிறோம். இந்த வண்டிகள் பின் சீட்டுக்காகச் செய்யப்பட்டவை. சாவியைப் பையனிடம் கொடுங்கள், நீங்கள் பின்னால் இடது பக்கம் உட்காருங்கள். கெப்பாலா பத்தாசிலிருந்து தாசேக் குளுகோர் போகிற பக்கம் வயல் நடுவே பழைய தார்ச்சாலை இருக்கிறதே, அதில் ஐம்பதில் போகச் சொல்லுங்கள். பாதி நிரம்பிய தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வண்டியில் தண்ணீர் ஒரே தாலாட்டாக அசையும். புஷ் தேய்ந்த வண்டியில் ஒவ்வொரு குழிக்கும் துள்ளும். பின்பக்க ஏர்கோன் தனியாகக் குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். கதவைச் சாத்தாமல் மெல்லப் பொருத்திவிட்டால் மிச்சத்தைத் தானே இழுத்துக்கொள்கிறதா? பிறகு டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்திருந்தாலும், வண்டி வெள்ளம் கண்டிருந்தாலும் அந்த வாசனை போகாது. 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கில் அடித்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் நனைந்து, துடைத்து, வாசனைத் திரவம் அடித்து விற்ற வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. சீட்டுத் தண்டவாளத்தின் அடியில் உள்ள துருவைத் துடைக்க மட்டும் யாருக்கும் கை எட்டுவதில்லை.

சாலை வரியையும் கணக்கில் சேருங்கள். எஸ்350-இன் 3,498 சிசிக்கு ஆண்டுக்கு 4,371 வெள்ளி. எஸ்300எல்-இன் 2,996 சிசிக்கு 2,120 வெள்ளி. ஒன்றரை லிட்டர் மைவிக்கு 90. வரிக்கும் காப்புறுதிக்கும் கொடுத்துவிட்டுச் சர்வீசில் மிச்சம் பிடித்த முதலாளி எத்தனை பேர் என்பதை எண்ணெய் வடிகட்டியைக் கழற்றியதும் தெரிந்துகொள்வீர்கள்.

ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்கு நம்பகத்தன்மை என்பது கடைசியில் ரசீதில்தான் இருக்கிறது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற காகிதம் இருந்தால் 15 வயது வண்டியையும் துணிந்து வாங்கலாம். இல்லாவிட்டால் 8 வயது வண்டியும் சூதாட்டம்தான். 2008-இல் திரெங்கானு மாநில அரசு தன் பெர்டானா வி6-களை ஒதுக்கிவிட்டு 14 மெர்சிடிஸ் இ200-களை 3.43 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியபோது சொன்ன காரணம் பராமரிப்புச் செலவு. நாடே கொந்தளித்தது. அந்த வாங்கல் சரியா தவறா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம். ஒன்று மட்டும் உறுதி: ஓர் அரசு தன் வண்டியைப் பற்றி முடிவெடுக்க ரசீதுகளைப் புரட்ட முடிந்தது. நம்மிடம் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் புரட்ட ஒன்றுமில்லை. பழைய வண்டிக்கு வங்கி கடன் தருவது அரிது, அதனால் ரொக்கமாக வாங்குகிறார். ரொக்கம் என்றால் வங்கிக் கடனுக்கான பி7 பரிசோதனையும் கிடையாது. நடுவில் நிற்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்த ஒரே ஆளுக்கு என்ன மரியாதை? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. பரிசோதனையைத் திறந்துவிட்டார்கள், சரி. திறந்த கதவு வழியே போனது யார்? நிலமும் மூலதனமும் உள்ள நிறுவனங்கள். முப்பது வருடம் குழிக்குள் படுத்து, சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்கிற பட்டறைக்காரர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க அறிக்கைக்கு எந்த அலுவலகத்திலும் பெயர் இல்லை, எண் இல்லை, கட்டம் இல்லை. 2009 அக்டோபரில் 15 வயது தாண்டிய வண்டிக்கெல்லாம் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் டிசம்பருக்குள் கைவிட்டார்கள். அறிவித்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, கைவிட்டபோதும் கேட்கவில்லை. மாநகர் மன்றத்துக்கு நம் பெயர்ப்பலகையின் அளவு தெரியும். சுற்றுச்சூழல் துறைக்கு நம் கழிவு எண்ணெய் எஸ்டபிள்யூ305 என்று தெரியும். அழுக்கு எண்ணெய்க்கு இந்த நாட்டில் ஓர் அட்டவணை எண் இருக்கிறது, அந்த எண்ணெயைப் பார்த்து எஞ்சினின் ஆயுளைச் சொல்கிற அறிவுக்கு இல்லை! தயாரிப்பாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். கண்டக்டர் பிளேட்டை நாம் மாற்றலாம், ஆனால் அதைக் கோடிங் செய்ய அவர்களுடைய சர்வரின் தயவு வேண்டும்.

கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் எழுதிக் கொடுக்கிறோம்? வாயால் சொல்கிறோம், வாட்சப்பில் குரல் பதிவு அனுப்புகிறோம். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமல் கொண்டுபோகலாம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் அடங்கும். அங்கே போகிறவர் கையில் நம் குரல் பதிவு எதற்கு ஆகும்? தேதி, ஓடிய கிலோமீட்டர், மாலை அளவு, காலை அளவு, கையெழுத்து, இவை உள்ள ஒரு தாள் வேண்டும். பழுதான வண்டிக்கு ஈடு கோர உதவும் லெமன் சட்டம் வரும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். அது வரும்போதும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

அந்த ஆசிரியர் வண்டியை விடவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டி ஸ்ட்ரட், கம்ப்ரசர் இரண்டின் விலையையும் குறைத்துத்தான் வாங்கினார். இரண்டையும் என் பட்டறையிலேயே மாற்றினோம், ரசீதோடு.

அடுத்த இதழோடு ஒரு பக்கப் பரிசோதனைத் தாளை இணைத்து அனுப்புகிறோம். நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே முதல் கட்டம் "இரவு நிறுத்தப்பட்டதா?" என்பது, கீழே உங்கள் பட்டறை முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறோம். பூர்த்தி செய்ததில் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். நூறு சேர்ந்ததும் அமைச்சுக்கு எடுத்துப் போகிறோம்.