சிங்கப்பூரில் எட்டு மணி நேரம்

பிள்ளைகளைப் பார்க்க ஆரணியிலிருந்து ஆஸ்திரேலியா, அமெரிக்கா போகும் நம் வயதுக்காரர்கள் பலர் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். நடுவில் ஏழெட்டு மணி நேரம் இருக்கும். பெரும்பாலோர் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே அதைக் கழித்துவிடுகிறார்கள். பயம்தான் காரணம். பகல் நேரமாக இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை என்பது என் கட்சி.

வெளியே போக விசா தேவைப்படலாம்; இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் வேண்டும். புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடுங்கள். சாங்கி விமான நிலையத்திலேயே எம்.ஆர்.டி. ரயில் இருக்கிறது. அங்கே தமிழும் ஆட்சிமொழி.

ஆனால் நாலு இடம் பார்க்க ஆசைப்படாதீர்கள், ஒன்று போதும். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோவிலைச் சொல்வேன். நடுப்பகலில் நடை சாத்துவார்கள், முன்னதாகப் போங்கள். பட்டுக்கடை மட்டும் ஏறாதீர்கள், நம்மூரில் இல்லாத பட்டா! விமானத்துக்கு மூன்று மணி முன்பே திரும்பிவிடுங்கள்.

வெளியே போக முடியவில்லையென்றால் மூன்றாம் முனையத்துப் பட்டாம்பூச்சித் தோட்டம் வரையாவது நடங்கள். வீங்கும் கால்களுக்கும் நல்லது. நம் வயதில் அடுத்த பயணம் என்பது நிச்சயமில்லை. வழியில் கிடைத்த ஊரை நாற்காலியில் உட்கார்ந்தே விட்டுவிடக் கூடாது.