காலுக்கும் காருக்கும் இடையே

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மனிதன் படைத்த கருவிகளுள் அவன் காலுக்கு அடங்கி நடப்பவை சிலவே. அவற்றுள் ஒன்று மோட்டார் வண்டியின் ஆக்ஸிலேட்டர். அச்சிறு மிதி இன்று உண்மையில் யாருக்கு அடங்கி நடக்கிறது என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா.

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்தவன் நான். மலையேறும் வண்டிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. “பழைய வண்டி மிதித்தவுடன் கேட்டது, புது வண்டி யோசித்துத்தான் கேட்கிறது” என்பது ஓட்டுநர் பேச்சு. இது வெறும் பழமைப் பற்றா? இல்லை, இதில் அறிவியல் உண்மை இருக்கிறது.

மாருதி 800 போன்ற பழைய கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு கேபிள் இருந்தது. கால் அழுத்திய அளவுக்குக் காற்றுவழி திறந்தது. இன்றைய கார்களிலோ மிதியிலுள்ள உணரிகள் காலின் நிலையை மின்னழுத்தமாக மாற்றிக் கணினிக்குச் சொல்கின்றன. எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. காலின் கட்டளை இன்று விண்ணப்பமாகிவிட்டது!

இதனால் நன்மை இல்லை என்று கூறமாட்டேன். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிகளுக்கு இத்தகைய நுண்ணிய கட்டுப்பாடு தேவை. ஓர் உணரி பிழையாகச் சொன்னால் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மலைப்பாதையின் நியாயம் வேறு. காரவள்ளியிலிருந்து சோளக்காடு செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி தளரும்போது டீசல் எஞ்சினின் டர்போவும் ஓய்ந்துவிடுகிறது. அது மீண்டும் காற்றைத் திரட்டும்வரை, கரும்புகை எழாதிருக்க, கணினி டீசலை அளந்தே விடுகிறது. பொறுமையிழந்த கால் மேலும் அழுத்துகிறது. மறுகணம் வண்டி திமிறிப் பாய்கிறது. எதிரே பேருந்து வந்தால்?

இதற்கு மருந்தென்று சந்தையில் ஒரு சிறு மின்னணுப் பெட்டி விற்கிறார்கள். என் அண்ணன் அதை வாங்க எண்ணியபோது, வேண்டாம் என்றேன். அது எஞ்சினுக்கு வலுவைக் கூட்டுவதில்லை. டர்போவின் தாமதத்தையும் போக்குவதில்லை. மிதியின் குறியீட்டைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. பாதி மிதியில் கிடைத்தது கால் மிதியிலேயே கிடைக்கும். குண்டும் குழியுமான வளைவில் கால் சற்றே குலுங்கினாலும் வண்டி துள்ளும். மலைக்கு வேண்டியது துடிப்பா, நிதானமா?

2009, 2010ஆம் ஆண்டுகளில், கார்கள் தாமாகப் பாய்கின்றன என்ற புகாரால் டொயோட்டா நிறுவனம் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நாசா அறிஞர்கள் ஆராய்ந்தனர். அப்பாய்ச்சலுக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என 2011இல் அறிவிக்கப்பட்டது. தரைவிரிப்பில் சிக்கிய மிதி, மீளாது ஒட்டிய மிதி, பிரேக்கென்று எண்ணித் தவறாக மிதித்த கால் ஆகியவையே வெளிப்பட்ட காரணங்கள். கருவியை மட்டும் பழித்துப் பயனில்லை என்பதற்கு இது சான்று.

ஆகவே என் கருத்து இது: வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, மிதியைப் படிப்படியாக அழுத்தும் பழக்கத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும். மிதி எவ்வாறு இயங்குகிறது என்பதை உற்பத்தியாளர்கள் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். காலின் மொழியைக் கார் கற்றுக்கொண்டது; காரின் மொழியைக் காலும் கற்கட்டும்.